நீருக்கு ஏது வாசனை? ‘அக்வாட்டிக் ஃப்ளோரல்’ நறுமணம் ஓர் அறிமுகம்

எங்கள் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் ஓர் அக்கா இருந்தார். செங்கல்பட்டிலிருந்து தினமும் மின்சார ரயிலில் வருவார். நீண்ட பயணம், கூட்டம், வியர்வை எல்லாவற்றையும் தாண்டி அவர் லிஃப்டுக்குள் நுழையும்போது, யாரோ இப்போதுதான் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்த மாதிரி இருக்கும். அந்த ஈரத்துக்குள் ஒரு பூவும் இருக்கும். மல்லிகையா என்றால் இல்லை, ரோஜாவும் இல்லை. பெயர் சொல்ல வராத ஏதோ ஒரு வெளிர்நிறப் பூ. ஒரு நாள் கேட்டே விட்டேன். “தம்பி வெளிநாட்டுல இருந்து வர்றப்போ வாங்கிட்டு வருவான். வேற எதைப் போட்டாலும் எனக்குத் தலை வலிக்கும்பா” என்றார்.

அவர் சொன்ன பெயர் ‘லோ டிஸே’. ஜப்பானிய ஆடை வடிவமைப்பாளர் இஸ்ஸே மியாகேயின் பெயரில் 1992-ல் வெளிவந்த நறுமணம். பெர்ஃப்யூம் கடைகளில் ‘அக்வாட்டிக் ஃப்ளோரல்’ என்று ஒரு வகை சொல்வார்களே, அதற்கு உதாரணம் கேட்டால் பலரும் முதலில் சொல்வது இதைத்தான். நீரும் பூவும் சேர்ந்த வாசனை என்று ஒரே வரியில் பொருள் சொல்லிவிடலாம். ஆனால் நீருக்குத்தான் வாசனையே கிடையாதே, அப்புறம் எப்படி?

அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஒரு பொருளிலிருந்து நுண்ணிய மூலக்கூறுகள் ஆவியாகிக் காற்றில் கலந்து, நம் மூக்கின் உச்சியில் இருக்கும் ஏற்பிகளைத் தொடும்போதுதான் வாசனை தெரிகிறது. மனிதனுக்கு ஏறக்குறைய 400 வகை ஏற்பிகள் உண்டு. தண்ணீரும் ஆவியாகத்தான் செய்கிறது, மூக்குக்குள் போகத்தான் செய்கிறது. ஆனால் மூக்கின் உட்புறம் எப்போதும் ஈரமாகவே இருப்பது. தண்ணீரை அது ஒரு செய்தியாக எடுத்துக்கொள்வதில்லை.

அப்படியானால் ‘மழை வாசனை’ என்கிறோமே, அது? அது மண்ணின் வாசனை. மண்ணில் வாழும் ஒருவகை நுண்ணுயிர்கள் ஜியோஸ்மின் என்ற பொருளை உண்டாக்குகின்றன. மழைத்துளி விழுந்ததும் அது காற்றில் தெறிக்கிறது. காய்ந்த மண்ணில் முதல் மழை பட்டதும் எழும் அந்த மணத்துக்கு 1964-ல் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற இரண்டு ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் ‘பெட்ரிகோர்’ என்று பெயர் வைத்தார்கள். உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜ் நகரத்தில் சுட்ட மண்ணைத் தண்ணீரோடு செம்பு அண்டாவில் காய்ச்சி, அந்த ஆவியைச் சந்தன எண்ணெயில் பிடித்து ‘மிட்டி அத்தர்’ என்று விற்கிறார்கள். கடல் வாசனையும் இப்படித்தான். கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களும் பாசிகளும் சிதையும்போது வரும் கந்தகச் சேர்மம் ஒன்றுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. கிணற்று வாசனை என்றால் பாசியும் ஈரக் கல்லும். ஆக, நீர் என்று நாம் முகர்வதெல்லாம் நீருக்குப் பக்கத்தில் இருப்பவற்றைத்தான்.

நறுமணம் உருவாக்குபவரின் வேலையும் அதுவே. தாளில் மழையை வரைகிற ஓவியர் தண்ணீரையா வைக்கிறார்? சில சாய்ந்த கோடுகளைப் போடுகிறார், நமக்கு மழை தெரிந்துவிடுகிறது. அதுபோல நீரை ஞாபகப்படுத்தும் வாசனைகளை அடுக்கினால் மூளை மிச்சத்தை நிரப்பிக்கொள்ளும். வெள்ளரிப் பிஞ்சை ஒடித்ததும் வரும் பச்சை வாசனை, தர்பூசணியின் தோலுக்குப் பக்கத்தில் இருக்கும் வெளிறிய பகுதியின் வாசனை, நுங்கின் நீர் வாசனை: இவற்றை முகர்ந்ததும் உடம்பே கொஞ்சம் குளிர்ந்துவிடுகிறது இல்லையா, அந்த இடம்தான் இந்த வகை நறுமணத்தின் வாசல்.

வாசலைத் திறந்த சாவி ஒன்று உண்டு. அதன் பெயர் கலோன். 1966-ல் ஃபைசர் மருந்து நிறுவனத்தின் வேதியியலாளர்கள் இதைக் கண்டெடுத்தார்கள். ‘தர்பூசணிக் கீட்டோன்’ என்று அதற்குச் செல்லப் பெயரும் உண்டு. தனியாக முகர்ந்தால் தர்பூசணியும் கடற்காற்றும் சிப்பி ஓடும் கலந்த மாதிரி, கொஞ்சம் உலோகச் சாயலோடு இருக்கும். மருந்துக்காரர்கள் கண்ட பொருளை நறுமணக்காரர்கள் உடனே அள்ளிக்கொள்ளவில்லை. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அது ஓரமாகவே கிடந்தது. 1988-ல் அராமிஸ் நிறுவனத்தின் ‘நியூ வெஸ்ட்’ என்ற ஆண்களுக்கான நறுமணத்தில்தான் அது தாராளமாக, வெளிப்படையாகப் பயன்பட்டது. அடுத்த பத்து ஆண்டுகளில் உலகத்துக் கடைத்தெருவே கடல் வாசனை ஆகிவிட்டது. 1996-ல் வந்த ஆர்மானியின் ஆண்களுக்கான ‘அக்வா டி ஜோ’ அந்த அலையில் வந்ததுதான். இன்றைக்கும் விற்கிறது.

கலோன் ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்று புரிய இன்னும் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

1709-ல் ஜெர்மனியின் கொலோன் நகரத்தில், இத்தாலியிலிருந்து வந்து குடியேறிய ஃபரினா குடும்பத்தார் ஒரு கடை தொடங்கினார்கள். அவர்களில் யோகான் மரியா ஃபரினா என்பவர் எலுமிச்சை, ஆரஞ்சு, பெர்கமோட் வகைகளை வைத்து ஒரு நறுமண நீர் செய்தார். இன்று ‘கொலோன்’ என்று நாம் பொதுவாகச் சொல்வது அந்த ஊர்ப் பெயர்தான். தன் அண்ணனுக்கு எழுதிய கடிதத்தில், இந்த மணம் மழை விட்ட இத்தாலிய வசந்தகாலக் காலைப் பொழுதை, மலைப் பூக்களை, ஆரஞ்சுப் பூவை நினைவூட்டுகிறது என்று அவர் எழுதினார். மழைக்குப் பிந்தைய பூ! அக்வாட்டிக் ஃப்ளோரலின் கனவு அன்றைக்கே வந்துவிட்டது. ஆனால் கையில் இருந்த பொருள் ஒத்துழைக்கவில்லை. எலுமிச்சை இன எண்ணெய்களின் மூலக்கூறுகள் சிறியவை. பூசிய அரை மணி, ஒரு மணி நேரத்தில் பறந்துவிடும். புத்துணர்ச்சி வேண்டுமென்றால் ஆயுள் குறைவு, ஆயுள் வேண்டுமென்றால் சந்தனம், அம்பர், வெனிலா மாதிரி கனமான பொருள்கள். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் இந்த இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடிந்தது.

கலோன் அந்தக் கணக்கை மாற்றியது. அது லேசாக மணக்கும், ஆனால் சீக்கிரம் போகாது. மிகச் சிறிய அளவே போதும், மணிக்கணக்கில் நிற்கும். காலையில் முகத்தில் அடித்த நீர்த்துளி மாலை வரை காயாமல் இருக்கும் மாதிரியான ஓர் அனுபவத்தை அதுவரை எந்தப் பொருளும் அந்த அளவுக்குத் தரவில்லை.

சரி, நீர் வந்துவிட்டது. பூ?

மல்லிகையை எடுத்துக்கொள்வோம், நமக்குத் தெரிந்த பூ. சாயங்காலம் கூடையில் வந்து இறங்கும் குண்டு மல்லியை முகர்ந்தால் முதலில் இனிப்பு, அப்புறம் ஒரு பச்சைத்தன்மை, அதற்கும் அடியில் கொஞ்சம் கனத்த, கிறங்கவைக்கும் ஒரு மணம். இரவு முழுக்கத் தலையில் இருந்த பூவில் காலையில் அந்த அடிமணம் தூக்கலாகத் தெரியும். அதற்குப் பெரிய காரணம் இண்டோல் என்ற பொருள். மல்லிகையின் அழகே அதில்தான் இருக்கிறது என்பேன். மதுரை, திண்டுக்கல், சத்தியமங்கலம் பக்கத்து மல்லிகையிலும் சம்பங்கியிலும் இருந்து எடுக்கும் ‘அப்சல்யூட்’ என்ற செறிந்த சாறு பிரான்ஸ் வரை போகிறதென்றால் அந்த ஆழத்துக்காகத்தான்.

ஆனால் நீரோடு சேரும் பூவுக்கு அந்த ஆழம் ஒத்துவராது. கனத்தை இறக்கிவிட்டு, பூவின் மேற்பரப்பை மட்டும், இதழையும் காற்றையும் மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். இதற்கும் ஒரு மூலக்கூறு கைகொடுத்தது. ஹெடியோன். மல்லிகை மணத்தை ஆராய்ந்த ஸ்விட்சர்லாந்தின் ஃபிர்மெனிக் நிறுவனத்து வேதியியலாளர் எட்வார் டெமோல் வழியாக வந்தது. இன்பம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர் எடுத்தார்கள். அடர்த்தியான மல்லிகைச் சரத்தை அவிழ்த்து, ஒவ்வொரு பூவுக்கும் நடுவில் காற்று போக இடம் விட்டுக் கட்டினால் எப்படி இருக்கும்? ஹெடியோன் மல்லிகைக்குச் செய்வது அதைத்தான். 1966-ல் எட்மோன் ருட்னிட்ஸ்கா உருவாக்கிய டியோரின் ‘ஓ சவாஜ்’ அதை உலகுக்குக் காட்டியது. இன்றைக்கு ஹெடியோன் இல்லாத நறுமணத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்த வகையில் வேறு சில பூக்களின் பெயரும் அடிக்கடி வரும்: சைக்ளமென், ஃப்ரீசியா, பியோனி, தாமரை, அல்லி, பள்ளத்தாக்கு லில்லி. டப்பாவில் இந்தப் பெயர்களைப் பார்த்தால் அந்தப் பூவைப் பிழிந்து ஊற்றியிருக்கிறார்கள் என்று எண்ண வேண்டாம். பள்ளத்தாக்கு லில்லி எவ்வளவு மணந்தாலும் அதிலிருந்து பயன்படும் அளவுக்கு எண்ணெய் எடுக்க முடியாது. பிரெஞ்சுக்காரர்கள் இத்தகைய பூக்களை ‘ஊமைப் பூக்கள்’ என்கிறார்கள். பூவின் மணத்தை நினைவில் வைத்து, பல பொருள்களைச் சேர்த்து அதன் சாயலைக் கட்டியெழுப்புகிறார்கள். இதை ஏமாற்று வேலை என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பேச முடியாத பூவுக்குக் குரல் கொடுக்கிற வேலை அது.

இப்படிக் கட்டுவதில் ஒரு சிக்கலும் உண்டு. பள்ளத்தாக்கு லில்லியின் சாயலுக்குப் பல ஆண்டுகள் பயன்பட்ட லிலியால் என்ற பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2022 மார்ச்சில் அழகுசாதனப் பொருள்களில் தடை செய்தது. அதனால் அந்தப் பொருளை நம்பியிருந்த நறுமணங்களின் கலவையை மாற்ற வேண்டியிருந்தது. பத்து வருடத்துக்கு முன்பு வாங்கிய பாட்டிலும் இப்போது வாங்குவதும் ஒரே மாதிரி இல்லையே என்று யாராவது சொன்னால், அது வெறும் மனப்பிரமை என்று தள்ளிவிட வேண்டாம்.

மறுபடியும் லோ டிஸேவுக்கு வருகிறேன். மியாகே கேட்டது நீரைப் போன்ற ஒரு நறுமணம். அதைச் செய்தவர் ஜாக் கவாலியே. பிரான்ஸின் நறுமணத் தலைநகரான கிராஸ் ஊரைச் சேர்ந்தவர், பரம்பரையாக அதே தொழில் செய்யும் குடும்பம். அப்போது அவருக்கு முப்பது வயதுதான் இருக்கும். மேலே, அதாவது பூசியதும் முதலில் தெரிவது, தாமரை, ஃப்ரீசியா, சைக்ளமென், பன்னீர். நடுவில் பியோனி, லில்லி. அடியில், கடைசிவரை தங்குவது, சந்தனம், தேவதாரு, மஸ்க் எனும் கஸ்தூரிச் சாயல் என்று அதன் அடுக்கைச் சொல்வார்கள். கூம்பு வடிவப் பாட்டில், உச்சியில் ஒரு சிறிய உருண்டை. பாரீஸில் தன் வீட்டு ஜன்னலிலிருந்து ஐஃபல் கோபுரத்தின் மேல் நிலா நிற்பதைப் பார்த்து மியாகேக்குத் தோன்றிய வடிவம் என்பது அதன் கதை. பெயரிலும் ஒரு விளையாட்டு இருக்கிறது. ‘இஸ்ஸேயின் நீர்’ என்பதைப் பிரெஞ்சில் சொன்னால், கடல் பயணக் காவியமான ஒடிசியைச் சொல்வது போலவே காதில் விழும்.

மியாகேயின் உடைகளைப் பார்த்திருக்கிறீர்களா? மெல்லிய மடிப்புகள் நிறைந்த துணி. உடம்பை இறுக்கிப் பிடிக்காது. உடம்புக்கும் துணிக்கும் நடுவில் எப்போதும் கொஞ்சம் காற்று இருக்கும். அணிந்தவர் அசையும்போது துணி தன் பாட்டுக்கு அசையும். உடையில் அவர் விட்ட அந்த இடைவெளிதான் பாட்டிலுக்குள்ளும் வந்தது என்று நினைக்கிறேன். அதற்கு முந்தைய 1980-களின் பெரிய நறுமணங்கள் வேறு மாதிரி. 1985-ல் வந்த டியோரின் ‘பாய்சன்’ அறைக்குள் ஆள் வரும் முன்னே வந்து உட்கார்ந்துகொள்ளும். அதுவும் ஓர் அழகுதான், அதைப் பூசிக்கொண்டு கம்பீரமாக வாழ்ந்தவர்கள் உண்டு. ஆனால் 1990-களின் தொடக்கத்தில் பலருக்கு அந்தச் சத்தம் அலுத்துப் போயிருந்தது. அந்த நேரத்தில் மெல்லப் பேசுகிற ஒன்று வந்ததால்தான் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

இங்கேதான் ‘ஆளுமை’ என்ற பேச்சு வருகிறது. அக்வாட்டிக் ஃப்ளோரல் என்றாலே தெளிவானவர், அமைதியானவர், ஒளிவுமறைவு இல்லாதவர், தன் போக்கில் போகிறவர் என்றெல்லாம் விளம்பரங்கள் சொல்லும். இதில் எவ்வளவு உண்மை?

மூலக்கூறுக்குக் குணம் கிடையாது. குணம் நம் நினைவில் இருக்கிறது. ஒரு எடுத்துக்காட்டு சொல்கிறேன். மெத்தில் சாலிசிலேட் என்று ஒரு பொருள். நம்மூரில் அதை முகர்ந்தால் முட்டிவலித் தைலமும் பாட்டியின் அறையும்தான் ஞாபகம் வரும். அமெரிக்கர்களுக்கு அதே வாசனை சூயிங் கம், மிட்டாய், சிறுவயதுக் கொண்டாட்டம். பொருள் ஒன்று, அது எழுப்பும் ஆள் வேறு. மல்லிகையும் அப்படித்தான். நமக்கு அது வெள்ளிக்கிழமை, கல்யாண வீடு, அம்மாவின் ஜடை. ஐரோப்பிய நறுமண விளம்பரங்களிலோ பெரும்பாலும் அது இரவும் மயக்கமும்.

ஆனால் நீர் வாசனைக்கு ஒரு தனிச் சலுகை உண்டு. குளிப்பது, துவைப்பது, வாசல் தெளிப்பது, தாகம் தீர்வது என்று நீரோடு நமக்கு இருக்கும் உறவு எந்த ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் ஈரமான, குளிர்ந்த மணம் வந்தால் ‘சுத்தம்’ என்று மனம் சொல்கிறது. சுத்தம் என்றதும் ‘நேர்மை’ என்றும் ‘நிதானம்’ என்றும் அது தானாகவே தாவிவிடுகிறது. நம் பேச்சைப் பாருங்கள். ‘தெளிவான ஆள்’ என்கிறோம். குழப்பத்தைக் ‘கலங்கிய குட்டை’ என்கிறோம். மனதைத் தண்ணீராக வைத்துத்தான் பேசுகிறோம். நெய்தல் என்ற நீர்ப்பூவின் பெயரைக் கடற்கரை நிலத்துக்கே சூட்டி, அந்த நிலத்துக்கு இரங்கல் என்ற உணர்வையும் பொருத்திவைத்தது தமிழ். நீரும் பூவும் சேர்ந்தால் ஒரு மனநிலை பிறக்கும் என்பதை யாரும் நமக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த நறுமணத்தின் மனநிலை மட்டும் வேறு. ஏங்கி நிற்கும் கரை இதில் இல்லை. விடியற்காலையில் ஆள் இல்லாத குளக்கரைதான் இருக்கிறது.

இந்த நறுமணம் எழுப்பும் ஆள் யார் என்று என்னைக் கேட்டால், அந்த அக்காவைத்தான் சொல்வேன். நான்கரை மணிக்கு எழுந்து, இரண்டு பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டி, கூட்டத்தில் நின்றபடி வந்து சேர்கிறவர். அவர் வாழ்க்கையில் அமைதி தானாக வந்து உட்காரவில்லை. ஆனால் அவர் யாரையும் இடிக்க மாட்டார். ஒருவர் சொல்லி முடிக்கும் வரை காத்திருப்பார், அதன் பிறகுதான் பேசுவார். அறைக்குள் வந்ததும் ஜன்னலைத் திறப்பார். தன்னைச் சுற்றிக் கொஞ்சம் இடம் வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்கும் இடம் விட்டவர். ‘மென்மையான பெண்’ என்று விளம்பரம் சொல்வதை நான் ஏற்காததற்கு அவர்தான் காரணம். இந்த நறுமணம் மென்மையானதில்லை, அடக்கமானது. இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. கலோனை நினைத்துக்கொள்ளுங்கள்: சொட்டுக் கணக்கில் போட்டாலும் நாள் முழுக்க நிற்கும்.

பெண்களுக்கு மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். கடைகள் பிரித்து வைப்பது விற்பதற்கு வசதியாக. தாமரைக்கும் வெள்ளரிக்கும் ஆண் பெண் கிடையாது.

எல்லாருக்கும் இது பிடிக்கும் என்று சொல்ல முடியாது. சிலருக்குக் கலோன் மீன் கடை மாதிரியோ, துருப்பிடித்த இரும்பு மாதிரியோ தெரியும். அப்படித் தெரிந்தால் உங்கள் மூக்கில் கோளாறு இல்லை. ஏற்பிகள் ஆளுக்கு ஆள் கொஞ்சம் வேறுபடும். சோப்பு, துணி சோப்புத்தூள் வாசனை மாதிரி இருக்கிறதே என்பது இன்னொரு குறை. அதில் நியாயம் உண்டு, ஏனென்றால் இந்த வகையின் வெற்றிக்குப் பிறகு இதே சாயலைச் சோப்பு, ஷாம்பு, அறை மணமூட்டி எல்லாவற்றிலும் கொண்டுவந்துவிட்டார்கள். மலிவான நகல்களில் நீர் மட்டும் கத்தும், பூ காணாமல் போயிருக்கும். நல்லதொன்றில் பூ எங்கே முடிந்து நீர் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியாது.

நம் வெயிலுக்கு இந்த வகை பொருந்தும். உஷ்ணத்தில் தோலிலிருந்து எல்லாமே வேகமாக ஆவியாகும். இனிப்பும் மசாலாவும் மிகுந்த கனமான நறுமணம் மே மாதச் சென்னையில் பூசியவருக்கும் பக்கத்தில் நிற்பவருக்கும் மூச்சு முட்டும். நீர் வாசனை அப்படிச் செய்யாது. பாட்டிலில் ‘ஓ டு டாய்லெட்’ என்று போட்டிருந்தால் மணப்பொருள் பொதுவாக 5 முதல் 15 சதவீதம், ‘ஓ டு பர்ஃபம்’ என்றால் அதைவிடக் கூடுதல். பகல் நேரத்துக்கு முதலாவதே போதும்.

வாங்கப் போகும்போது முதல் ஐந்து நிமிடத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள். முதலில் வருவது பெரும்பாலும் சாராயத்தின் குளிர்ச்சியும் பறந்துபோகப் போகிற எலுமிச்சைத் துளிகளும்தான். டெஸ்டரை மணிக்கட்டில் ஒருமுறை அடித்துக்கொள்ளுங்கள், தேய்க்க வேண்டாம். கடையை விட்டு வெளியே வந்து டீ குடியுங்கள், பஸ் ஏறுங்கள், வேலையைப் பாருங்கள். அரை மணி நேரத்தில் பூ தெரியும். நான்கைந்து மணி நேரம் கழித்துச் சந்தனமும் மஸ்க்கும் தோலோடு ஒட்டியிருக்கும். நடுவில் வாசனையே இல்லையே என்று தோன்றினால் அவசரப்பட்டு இன்னும் இரண்டு முறை அடித்துவிட வேண்டாம். தொடர்ந்து முகர்வதை மூக்கு கொஞ்ச நேரத்தில் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும்; பக்கத்தில் இருப்பவருக்கு அது தெரிந்துகொண்டுதான் இருக்கும். அவரிடம் கேளுங்கள். அவர் சட்டென்று ஒரு பூவின் பெயரைச் சொல்லாமல், “என்னன்னு தெரியல, குளிச்சுட்டு வந்த மாதிரி இருக்கு” என்றால் அந்தப் பாட்டிலை வாங்கிவிடலாம்.